கையை மடக்கி நிற்கக் கற்பது: அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஆக்குபேஷனல் தெரபி உதவியாளராகப் பணிபுரிய ஒரு முழுமையான வழிகாட்டி

காலை ஏழு மணி. எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி கட்டில் விளிம்பில் அமர்ந்து சட்டைப் பொத்தான் போடுகிறார். மூன்றாவது பொத்தான் நழுவுகிறது. மீண்டும் பிடிக்கிறார், மீண்டும் நழுவுகிறது. உங்கள் கை தானாக நீள்கிறது. பெரியவர்கள் தண்ணீர்ச் செம்பை எடுக்க எழுந்தாலே "நீங்கள் உட்காருங்கள்" என்று ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பதை மரியாதை என்று கற்று வளர்ந்தவர்கள் நாம். இந்த வேலையின் முதல் பாடம், நீண்ட அந்தக் கையை மடக்கி வைத்துக்கொள்வது. ஒரு நிமிடம் காத்திருந்தால் அந்தப் பொத்தானை அவரே போட்டுவிடுவார். நீங்கள் போட்டுவிட்டால், நாளைக்கு அவர் முயலக்கூட மாட்டார்.

அமெரிக்காவில் இந்தப் பணிக்கு வர நினைக்கும் தமிழர்களுக்கும், படிப்பை முடித்து முதல் வேலையில் திகைத்து நிற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நியூ ஜெர்சியில் இந்த வேலையைச் செய்து கற்றுக்கொண்டவையே பெரும்பாலும் இதில் இருக்கின்றன. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் சற்று மாறும். நான் சொல்வது பொதுவான நடைமுறை.

முதலில், வேலை எது என்று தெளிவு பெறுங்கள்

ஆக்குபேஷனல் தெரபியைத் தமிழில் செயல்முறை மருத்துவம் என்றும் தொழில்வழிச் சிகிச்சை என்றும் எழுதுகிறார்கள். 'தொழில்' என்றதும் வேலைவாய்ப்புப் பயிற்சி என்று என் உறவினர்களே நினைத்தார்கள். இங்கே தொழில் என்பது ஒருவரின் நாளை நிரப்பும் செயல்கள் எல்லாம்தான்: பல் துலக்குவது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய் வருவது, சாப்பிடுவது, செய்தித்தாள் பக்கத்தைப் புரட்டுவது. பிசியோதெரபிஸ்ட் ஒருவரை இருபது அடி நடக்க வைப்பார். அந்த இருபது அடியின் முடிவில் இருக்கும் கை கழுவும் தொட்டியில் அவர் முகம் கழுவி, தலை சீவித் திரும்புவது நம் பங்கு.

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சிறிய தனியார் மருத்துவமனை. அமெரிக்காவில் அதே சொல் முதியோர் தங்கிப் பராமரிக்கப்படும் இல்லத்தைக் குறிக்கும். ஒரே கூரையின் கீழ் இருவகை மனிதர்கள் இருப்பார்கள். இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகோ பக்கவாதத்துக்குப் பிறகோ சில வாரங்கள் தங்கித் தேறி வீட்டுக்குப் போகிறவர்கள் ஒருவகை. இனி இதுதான் வீடு என்று வந்தவர்கள் இன்னொரு வகை. இந்த வழிகாட்டியில் என் கவனம் இரண்டாம் வகையினர் மீதே அதிகம். அவர்களை நோயாளி என்று அழைக்க மாட்டோம், குடியிருப்பவர் என்போம். அது அவர்கள் வீடு. அதனால்தான் கதவு திறந்தே இருந்தாலும் தட்டிவிட்டு உள்ளே போகிறோம்.

தெரபிஸ்ட் ஒருவரைப் பரிசோதித்து மதிப்பிட்டு, இலக்குகளையும் சிகிச்சைத் திட்டத்தையும் வகுப்பார். உதவியாளர் அந்தத் திட்டத்தை நாள்தோறும் நடத்துவார், குறிப்பெழுதுவார், மாற்றம் தெரிந்தால் தெரபிஸ்டிடம் சொல்வார். தனியாக மதிப்பீடு செய்வதற்கோ திட்டத்தை நம் விருப்பப்படி மாற்றுவதற்கோ நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் தெரபிஸ்ட் ஒருவரை வாரத்தில் ஒருமுறை பார்க்கும் இடத்தில் நாம் ஐந்து நாள் பார்க்கிறோம். திட்டம் பொருந்தவில்லை என்பது நம் கண்ணில்தான் முதலில் படும். அதைத் தயங்காமல் சொல்வதும் வேலையின் ஒரு பகுதி.

தகுதி பெறும் வழி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தத் துறைப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பான ஏ.சி.ஓ.டி.இ.யின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிப் படிப்பில் சேர வேண்டும். பெரும்பாலும் சமுதாயக் கல்லூரிகளில் கிடைக்கும் சுமார் 2 ஆண்டு அசோசியேட் பட்டம் அது. அங்கீகாரம் இல்லாத படிப்பில் பணம் கட்டிவிட்டால் தேர்வே எழுத முடியாது என்பதால் இதை முதலில் சரிபாருங்கள். படிப்பின் முடிவில் 16 வாரக் களப்பயிற்சி உண்டு. அதில் ஒரு பாதியையாவது பராமரிப்பு இல்லத்தில் கேட்டுப் பெறுங்கள். இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பது இரண்டே வாரத்தில் தெரிந்துவிடும். பிறகு, சான்றிதழ் தரும் அமைப்பான என்.பி.சி.ஓ.டி. நடத்தும் தேசியத் தேர்வு. தேறுவதற்கு 450 மதிப்பெண் வேண்டும். தேறியவர்களை எல்லோரும் 'கோட்டா' என்று அழைப்பார்கள். சான்றளிக்கப்பட்ட ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் அது. அதற்குப் பிறகு மாநில உரிமம். சான்றிதழை 3 ஆண்டுக்கு ஒருமுறை, 36 தொடர்கல்விப் புள்ளிகளோடு புதுப்பிக்க வேண்டும். இந்தியாவில் ஆக்குபேஷனல் தெரபி பட்டம் பெற்று வந்தவர்களுக்குத் தெரபிஸ்டாகத் தகுதி பெறும் தனி வழி என்.பி.சி.ஓ.டி.யில் இருக்கிறது. உதவியாளர் படிப்பில் சேரும் முன் அதை விசாரியுங்கள்.

பணம் எந்த வழியாக வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

சிகிச்சை கொடுக்க வந்தவருக்குக் கணக்கு எதற்கு என்று நானும் நினைத்தேன். ஆறு மாதத்தில், உங்கள் பட்டியலில் யார் இருக்கிறார், யார் திடீரென்று காணாமல் போகிறார் என்பதெல்லாம் கணக்கினால்தான் என்று புரிந்தது.

மருத்துவமனையில் குறைந்தது 3 நாள் உள்நோயாளியாக இருந்து வருபவருக்கு, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் 'ஏ' பகுதி 100 நாள் வரை உதவும். முதல் 20 நாள் முழுச் செலவையும் ஏற்கும். அதன்பின் நாளுக்கு இவ்வளவு என்று அவரும் கட்ட வேண்டும். 2019 அக்டோபர் 1 வரை, எத்தனை நிமிடம் தெரபி கொடுத்தார்கள் என்பதை வைத்தே இல்லத்துக்குப் பணம் வந்தது. வாரத்துக்கு 720 நிமிடம் என்பது மிக உயர்ந்த படி. அந்த எண்ணை எட்டுவதற்காகச் சோர்ந்து கிடந்தவர்களையும் எழுப்பிக் கை சைக்கிள் சுற்றவைத்த காலம் அது. இப்போதைய முறையில் நோயும் தேவையும் எவை என்பதைப் பொறுத்துப் பணம் வருகிறது. நிமிடத்தை ஏற்றும் ஆசை போனது. நிமிடத்தைக் குறைக்கும் ஆசை வந்தது. முறை மாறியபோது பல இடங்களில் தெரபி ஊழியர்கள் வேலை இழந்தார்கள். குழுச் சிகிச்சை பெருகியது. இரண்டு முதல் ஆறு பேர் வரை ஒரு குழு; குழுவிலும், ஒரே நேரத்தில் இருவருக்கு வெவ்வேறு சிகிச்சை கொடுக்கும் முறையிலும் சேர்த்து, ஒருவரது சிகிச்சை நேரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இல்லத்திலேயே நிரந்தரமாக இருப்பவர்களுக்கான தெரபி பெரும்பாலும் மெடிகேர் 'பி' பகுதியில் வரும். அங்கே கட்டணம் அலகுக் கணக்கில்: 8 முதல் 22 நிமிடம் ஓர் அலகு, 23 முதல் 37 இரண்டு, 38 முதல் 52 மூன்று. 2022 முதல் உதவியாளர் தரும் சேவைக்கு இந்தப் பகுதியில் வழக்கமான தொகையில் 85 சதவீதமே கிடைக்கிறது. நம் வேலை மதிப்பு குறைந்தது என்று யாராவது நினைத்தால் அதன் வேர் இந்த எண்ணில் இருக்கிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். "முன்னேற்றம் இல்லை, தெரபியை நிறுத்துங்கள்" என்று யாராவது சொன்னால் ஜிம்மோ வழக்கைக் குறிப்பிடுங்கள். 2013இல் ஏற்பட்ட அந்தச் சமரசத் தீர்வின்படி, தேர்ச்சி பெற்றவரின் கைத்திறன் தேவைப்படும் வரை, இருக்கும் நிலையைக் காப்பதற்கும் சரிவைத் தாமதப்படுத்துவதற்கும்கூட மெடிகேர் பணம் தரும். பார்க்கின்சன் நோயுள்ள ஒருவர் இன்றைக்குச் செய்வதை அடுத்த ஆண்டும் செய்வது சிறிய காரியம் இல்லை.

காலை உணவுக்கு முன் அறைக்குப் போங்கள்

எட்டரை மணிக்கு ஜிம் அறையில் ஒருவருக்கு உடை உடுத்தப் பயிற்சி கொடுப்பது நாடகம். அவர் அதற்குள் உடுத்திவிட்டார், அல்லது வேறு யாரோ உடுத்திவிட்டார்கள். உண்மையான வேலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில், அவர் அறையில், அவருடைய அலமாரி முன்னால் நடக்கிறது. முந்தைய மாலையே நர்சிங் உதவியாளரிடம் "நாளை இவரை உடுத்த வேண்டாம், நான் வருகிறேன்" என்று சொல்லிவையுங்கள். அவருக்கும் பத்து நிமிடம் மிச்சம்.

போகும் முன் பதிவேட்டைப் படியுங்கள். இரவில் விழுந்தாரா, காய்ச்சலா, புதிய மருந்தா, காலில் எவ்வளவு எடை ஊன்றலாம், என்ன உணவு, எந்தக் கெட்டியில் பானம். பிறகு இரவுப் பணி முடிக்கும் நர்சிடம் ஒரு வார்த்தை. பதிவேட்டில் வராத செய்தி அந்த ஒரு வார்த்தையில் வரும்: "இரவெல்லாம் மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்."

பெயர் விஷயத்தில் கவனம். நமக்குப் பாட்டி, தாத்தா என்பது மரியாதை. அங்கே அறிமுகம் இல்லாத ஒருவர் "கிராண்ட்மா" என்றோ "ஸ்வீட்டி" என்றோ அழைப்பது பலருக்கு வலிக்கும். திருமதி, திரு என்று குடும்பப் பெயரோடு தொடங்குங்கள். எப்படி அழைக்கலாம் என்று கேளுங்கள். பள்ளி முதல்வராக இருந்த ஒருவர் என்னிடம், "என்னை டாக்டர் என்று அழைக்கும் கடைசி ஆள் நீதான்" என்றார். அதற்குப் பிறகு நான் ஒருநாளும் மறக்கவில்லை.

எழுப்பும் முன் ஆறு சோதனைகள்

இதை மட்டும் வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் வரிசை தவறினால் எலும்பு முறியும்.

1. சக்கர நாற்காலியின் இரு பிரேக்கும் போட்டாயிற்றா? கையால் தள்ளிப் பாருங்கள்.
2. கால் தாங்கிகளை ஒதுக்கிவிட்டீர்களா? கணுக்காலைக் கிழிப்பது பெரும்பாலும் அவைதான். முதியவர்களின் தோல் வெங்காயச் சருகு போன்றது.
3. சிறுநீர்ப் பை, ஆக்சிஜன் குழாய் எங்கே? பை சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும்; குழாய் எதிலும் சிக்கக் கூடாது.
4. காலில் வழுக்காத காலுறையோ செருப்போ இருக்கிறதா? கட்டில் உயரம், பாதம் தரையில் படும் அளவா?
5. நாம் பிடித்துக்கொள்வதற்கான இடுப்புப் பட்டையை அவருக்குக் கட்டியாயிற்றா? விரல் நுழையும் இறுக்கம் போதும். விலா எலும்பு முறிவு, வயிற்றில் உணவுக் குழாய், புது அறுவைச் சிகிச்சை இருந்தால் நர்சைக் கேட்காமல் கட்டாதீர்கள்.
6. உட்கார்ந்ததும் தலை சுற்றுகிறதா? படுத்த நிலையிலிருந்து எழுந்த 3 நிமிடத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 புள்ளி இறங்கினால் நிறுத்தி நர்சிடம் சொல்லுங்கள்.

எழும்போது அவர் இரு கையாலும் உங்கள் கழுத்தைப் பிடிக்க வருவார். விடாதீர்கள். நாற்காலிக் கைப்பிடியில் ஊன்றச் சொல்லுங்கள். "மூக்கு முன்னே, பாதத்துக்கு மேலே" என்று ஒரே வாக்கியம்.

உடுத்துதல்

பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்தவருக்கு ஒரு சூத்திரம்: போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது கடைசியில். சட்டையை மடியில் விரித்து, கழுத்துப்பட்டி முழங்காலை நோக்கி இருக்குமாறு வைத்து, பலவீனமான கையைச் சட்டைக்கையில் நுழைத்து முழங்கைக்கு மேல் இழுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இங்குதான் கையை மடக்கும் பாடம் திரும்ப வருகிறது. நான் மனத்துக்குள் பதினைந்து வரை எண்ணுவேன். அதற்குள் அவர் தொடங்கவில்லை என்றால் ஒரு சொல். அப்போதும் இல்லை என்றால் துணியை விரலால் தொட்டுக் காட்டுவேன். பிறகுதான் முழங்கையைத் தாங்குவேன். உதவி என்பது குழாயைத் திறப்பது போல. சொட்டாகத் தொடங்குங்கள், தேவையானால் கூட்டுங்கள்.

இடுப்பு மூட்டு மாற்றியவருக்கு, பின்பக்கம் வழியாகச் செய்த அறுவை என்றால், வழக்கமான மூன்று தடைகள்: இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது, காலை உட்புறம் திருப்பக் கூடாது. அறுவை மருத்துவர் எழுதியதே இறுதி. குனியாமல் காலுறை போடும் கருவி, நீண்ட காலணிக் கரண்டி, எட்டிப் பிடிக்கும் கோல் ஆகியவற்றை இவர்களிடம் பழக்குவோம். கொடுத்துவிட்டுப் போனால் அலமாரியில் தூங்கும். ஒரு வாரம் தினமும் அதே நேரத்தில், அதே நாற்காலியில் பழக்கினால் நிற்கும்.

சாப்பாடு

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இடத்தையும் அதிகம் எடுத்துக்கொள்கிறேன்.

உணவு மேசையில் முதலில் பாருங்கள், பேசாதீர்கள். கீழே சரிந்து உட்கார்ந்திருப்பவருக்குத் தட்டே தெரியாது. மேசை மார்புயரம் இருந்தால் கை எப்படி வாய்க்குப் போகும்? பல சமயம் கரண்டியில் குறை இருக்காது, நாற்காலியில் இருக்கும். நிமிர்த்தி, பாதத்துக்குத் தாங்கல் கொடுத்து, முழங்கையை மேசையில் ஊன்றச் செய்தாலே பாதிப் பேர் சாப்பிடத் தொடங்குவார்கள். பிறகுதான் தடித்த கைப்பிடிக் கரண்டி, விளிம்பு உயர்ந்த தட்டு, நழுவாத விரிப்பு. வெள்ளைத் தட்டில் வெள்ளை உருளைக்கிழங்கு பார்வை மங்கியவருக்குத் தெரியாது, நிறத்தட்டு கேளுங்கள். பக்கவாதத்தால் இடப்பக்கத்தைக் கவனிக்காதவர் தட்டின் வலப்பாதியை மட்டும் உண்டுவிட்டுப் பசிக்கிறது என்பார்.

விழுங்கும் சிரமம் உள்ளவருக்கு உணவின் பதத்தைப் பேச்சு–விழுங்கல் சிகிச்சையாளர் முடிவு செய்கிறார். பதங்களை 0 முதல் 7 வரை எண்ணிட்டிருப்பார்கள். "ஒரு வாய் தண்ணீர்தானே" என்று பாவம் பார்த்துக் கொடுத்த தண்ணீர் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகத் திரும்பும். அவருடைய உணவு அட்டையைப் பார்க்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

ஒரு தமிழ்ப் பாட்டி வந்தார். மறதி நோய். ஆங்கிலம் எப்போதோ கொஞ்சம் தெரிந்திருந்தது, அதுவும் போய்விட்டது. பதிவேட்டின் சாப்பாட்டுக் கட்டத்தில் 'முழுவதும் பிறரைச் சார்ந்தவர்' என்று பதிவாகியிருந்தது. கரண்டி வாயருகே வந்தால் உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பினார். எடை இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் இரண்டு நாள் உறைக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் மகள் டிபன் பாத்திரத்தில் குழைந்த தயிர் சாதம் கொண்டுவந்தார். விழுங்கல் சிகிச்சையாளர் பார்த்து, இந்தப் பதம் இவருக்குச் சரி என்றார். வெதுவெதுப்பான ஈரத்துணியால் அவர் வலக்கையைத் துடைத்து, விளிம்பு உயர்ந்த தட்டில் சாதத்தை வைத்து, "பாட்டி, சாப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவருடைய விரல்கள் சாதத்தைப் பிசைந்தன. ஓரத்தில் ஒதுக்கி, உருட்டி, கட்டைவிரலால் தள்ளி, முதல் வாய். அடுத்தது. மகள் வாசலுக்குப் போய் நின்று அழுதார்.

அவருக்குச் சாப்பிடத் தெரியாமல் போகவில்லை. கரண்டி அவர் வாழ்க்கையில் இருந்ததே இல்லை. தெரபிஸ்டிடம் சொன்னேன், கரண்டி இலக்கை அவர் மாற்றி எழுதினார். கையால் சாப்பிடுவதைக் குழப்பத்தின் அறிகுறி என்று நினைத்துத் தடுத்துவந்த நர்சிங் உதவியாளர்களிடம், இந்தப் பெண்ணுக்கு இதுதான் நாகரிகமான முறை என்று விளக்கினேன். அவர்களில் இருவர் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். "எங்கள் ஊரிலும் இப்படித்தான், எங்களிடம் யாரும் சொல்லவில்லையே" என்றார்கள். முன்னும் பின்னும் கை துடைப்பது, தட்டு, விரிப்பு எல்லாம் எழுதிவைத்தோம். மகள் வாரம் மூன்று நாள் சாதம் கொண்டுவந்தார். மற்ற நாள்களில் சமையலறையின் மசித்த உருளைக்கிழங்கையும் அவர் அதே போல் உருட்டி உண்டார்.

யாரைப் பார்த்தாலும் கேளுங்கள்: வாழ்நாள் முழுவதும் இதை எப்படிச் செய்தார்? துண்டு மடிக்கும் பயிற்சியை எல்லோருக்கும் கொடுப்பார்கள். வாழ்க்கையில் துண்டே மடிக்காத தச்சருக்கு அதனால் என்ன? உப்புத்தாளும் மரத்துண்டும் கொடுங்கள்.

மறதி நோய் உள்ளவரை அணுகுவது

முன்பக்கமாக, மெதுவாக, அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து வாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே சொல். "எழுந்து, பாத்ரூம் போய், பல் துலக்கி வரலாமா?" என்பது நான்கு கட்டளை, அவருக்கு அது வெறும் ஓசை. பல்துலக்கியில் பேஸ்ட் வைத்து கையில் கொடுங்கள். பொருள் பேசும். தொடங்கவில்லை என்றால் உங்கள் கையை அவர் கைக்கு அடியில் வைத்து அசையுங்கள். மேலே வைத்துப் பிடித்தால் சிறைப்படுத்துவதாக உணர்வார். அடியில் வைத்தால் தானே செய்வதாக உணர்வார்.

குளிக்க மறுப்பவருக்குப் பெரும்பாலும் குளிரும் வெட்கமும்தான் காரணம். அறையை முன்கூட்டியே சூடாக்குங்கள், பெரிய துண்டால் மூடியபடியே குளிப்பாட்டுங்கள், நீரைப் பாதத்திலிருந்து தொடங்குங்கள். தலையில் எடுத்த எடுப்பில் ஊற்றினால் யாரும் கத்துவார்கள்.

அவர் "வேண்டாம்" என்றால் அது அவர் உரிமை. பிற்பகலில் இன்னொரு முறை கேளுங்கள், மறுத்ததை எழுதுங்கள். ஐந்து நிமிடம் வாசலில் நின்று கெஞ்சியதைச் சிகிச்சை நிமிடமாக எழுதாதீர்கள்.

நாற்காலியும் கைத்தாங்கியும்

நாள் முழுவதும் நாற்காலியில் இருப்பவருக்கு நாற்காலியே சிகிச்சை. இடுப்பு பின்னால் ஒட்டியிருக்கிறதா, தொடை முழுவதும் தாங்கப்படுகிறதா, முழங்காலின் பின்புறம் இருக்கை விளிம்பில் அழுத்துகிறதா என்று பாருங்கள். முன்னால் சரிந்து வால் எலும்பின் மேல் உட்காருபவருக்குப் படுக்கைப்புண் வரும். சரிகிறார் என்பதற்காகப் பெல்ட் போட்டுக் கட்ட நினைக்காதீர்கள். 1987இல் வந்த சீர்திருத்தச் சட்டம், வசதிக்காக ஒருவரைக் கட்டிவைப்பதைத் தடுக்கிறது. அவரால் எளிதில் கழற்ற முடியாமல் அசைவைத் தடுக்கும் எதுவும், அது மடிப்பலகையாக இருந்தாலும், கட்டுப்பாட்டுக் கருவிதான். ஏன் சரிகிறார் என்று தேடுங்கள். தொய்ந்த இருக்கைத் துணி, உயரம் தவறிய கால் தாங்கி, வலி, சலிப்பு, சிறுநீர் அவசரம். பெரும்பாலும் இவற்றில் ஒன்று.

மடங்கி இறுகும் கைக்கு ஸ்பிளிண்ட் என்னும் கைத்தாங்கி போடும்போது, கழற்றிய பின் தோலைப் பாருங்கள். சிவப்பு இருபது நிமிடத்தில் மறையவில்லை என்றால் அதை மீண்டும் போடாமல் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். எப்படிப் போடுவது என்பதைப் படம் எடுத்து, அனுமதியோடு, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். வெளியே ஒட்டினால் வருகிறவர் போகிறவர் எல்லாம் அவர் நோயைப் படிப்பார்கள்.

நாற்பத்தெட்டு நிமிடம்

உற்பத்தித்திறன் என்ற சொல்லை முதல் வாரமே கேட்பீர்கள். 90 சதவீதம் கேட்கும் இடங்கள் இருக்கின்றன. எட்டு மணி நேரம் 480 நிமிடம். அதில் 432 நிமிடம் கட்டணத்துக்குரிய சிகிச்சையாக இருக்க வேண்டும். மிஞ்சும் 48 நிமிடத்தில் நடை, குறிப்பு, நர்சிடம் பேச்சு, நாற்காலி தேடல், உங்கள் கழிப்பறை எல்லாம். இது நேர்மையாக எட்டக் கடினமான எண். நான் பணிபுரிந்த ஓர் இல்லத்தில் நேரப்பதிவை முடித்துவிட்டுக் குறிப்பெழுதும் பழக்கம் இருந்தது. மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர் அப்படிக் கூலியில்லாமல் உழைப்பது சட்டத்துக்கு எதிரானது. நானும் சில மாதம் செய்தேன், பிறகு நிறுத்தினேன். எண் குறைந்தது, கேள்வி வந்தது, ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்குக் காட்டினேன். வேலையில் சேரும் முன் நேர்காணலிலேயே இந்த எண்ணைக் கேளுங்கள். செய்யாத நிமிடத்தை எழுதச் சொல்லும் இடத்தில் ஒருநாளும் இருக்க வேண்டாம். அது மோசடி, உரிமம் உங்களுடையது.

குறிப்பைச் சிகிச்சையின் ஊடேயே எழுதுவது ஒரு வழி. அவர் ஓய்வெடுக்கும் இரண்டு நிமிடத்தில், அவரிடமே "இன்று எத்தனை பொத்தான் போட்டீர்கள்?" என்று கேட்டு எழுதலாம். திரைக்குப் பின்னால் முகத்தை மறைத்து எழுதாதீர்கள்.

குறிப்பில் என்ன எழுதுவது? "மேலுடை அணிய உதவப்பட்டது, நன்கு ஒத்துழைத்தார்" என்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், சாரம் இப்படி இருக்கட்டும்: "கட்டில் விளிம்பில் அமர்ந்து முன்திறப்புச் சட்டை அணிந்தார். இடக்கையைக் கவனிக்காததால் சட்டைக்கையில் சிவப்பு நாடா வைத்து, அதைத் தேடப் பழக்கப்பட்டது. வாய்மொழிக் குறிப்பு இருமுறை. உதவி பாதியிலிருந்து கால்பங்காகக் குறைந்தது." உங்கள் திறமை எங்கே தேவைப்பட்டது என்று தெரிய வேண்டும். உதவியின் அளவை 06 முதல் 01 வரை எண்ணில் பதியும் கட்டமும் உண்டு: 06 என்றால் தானே செய்தார், 03 என்றால் பாதிக்கும் குறைவான உழைப்பு உங்களுடையது, 02 என்றால் பாதிக்கு மேல், 01 என்றால் முழுவதும். அன்று கண்டதை எழுதுங்கள், நேற்றைய எண்ணை நகலெடுக்காதீர்கள்.

நர்சிங் உதவியாளர்கள்

நீங்கள் நாற்பது நிமிடம் இருப்பீர்கள். மீதி இருபத்து மூன்று மணி நேரத்துக்கு மேல் அவர்கள் கையில். நீங்கள் பழக்கிய சட்டை அணியும் முறையை அவர்கள் தொடரவில்லை என்றால் ஒரு வாரத்தில் எல்லாம் கரையும். ஒருவருக்குப் பத்துப் பேர் பொறுப்பில் இருக்கும்போது, "அவரே போடட்டும், காத்திருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமா? முதலில் அவர் சுமையில் ஒரு கை கொடுங்கள். படுக்கையை மாற்றும்போது மறுபக்கம் நின்று பிடியுங்கள். பிறகு, முழு உடையையும் கேட்காமல், "சட்டையை மட்டும் அவரிடம் விடுங்கள், மற்றதை நீங்கள் போடுங்கள்" என்று கேளுங்கள். அது நடக்கும்.

தெரபி முடியும்போது மறுசீரமைப்பு நர்சிங் திட்டத்துக்கு ஒப்படைப்போம். அங்கே நாளுக்கு 15 நிமிடம், வாரம் 6 நாள் என்ற அளவில் பயிற்சி தொடரும். ஒப்படைப்பைக் காகிதத்தில் மட்டும் செய்யாமல், அந்த ஊழியரை அருகில் நிறுத்திச் செய்து காட்டி, அவர் செய்வதை நீங்கள் பார்த்து, பிறகு கையெழுத்திடுங்கள்.

உங்கள் முதுகு

கையால் தூக்குவதற்குப் பாதுகாப்பான எல்லை நல்ல சூழலிலும் 35 பவுண்டு என்பது அமெரிக்கத் தொழில்நலக் கழகத்தின் கணக்கு. ஏறக்குறைய 16 கிலோ. உடல் பருத்த ஒருவரின் ஒரு காலே அவ்வளவு கனக்கும். தூக்கும் இயந்திரத்தைத் தேடிக் கொண்டுவர ஐந்து நிமிடம் ஆகும். கொண்டுவாருங்கள், இன்னொருவரையும் கூப்பிடுங்கள். விழுகிறவரைத் தாங்கிப் பிடிக்க முயலாமல் இடுப்புப் பட்டையைப் பிடித்து, உங்கள் தொடையோரமாக மெதுவாகத் தரைக்கு இறக்கிவிடுங்கள். பிறகு அசைக்காமல் நர்சைக் கூப்பிடுங்கள்.

படுக்கை காலியாக இருக்கும் காலை

ஒருநாள் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. அல்லது பெயர் இருந்து, படுக்கை விரிப்பு மாற்றப்பட்டிருக்கும். அடுத்தவர் ஏழே காலுக்குக் காத்திருப்பார். யாரும் உங்களுக்கு நேரம் ஒதுக்கித் தர மாட்டார்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் அவரை இரவில் பார்த்துக்கொண்ட நர்சிங் உதவியாளரைத் தேடிப் போவேன். எப்படி இருந்தார் என்று கேட்பேன். அவருக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கும். குடும்பத்தார் பொருள்களை எடுக்க வந்திருந்தால், அவர் கடைசியாகத் தன் கையால் செய்ததைச் சொல்வேன். அந்தத் தயிர் சாதப் பாட்டியின் மகளிடம், வியாழக்கிழமை பாதித் தட்டு சாப்பிட்டதையும், மீதியை என் பக்கம் நகர்த்தி "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்டதையும் சொன்னேன். பிறகு முடிவறிக்கை எழுதும் தெரபிஸ்டுக்குக் கடைசி அளவுகளைக் கொடுப்பேன். உணவு, 05: தட்டை எடுத்து வைத்தால் போதும், தானே உண்டார். விரிப்பையும் விளிம்புத் தட்டையும் கழுவி, பெயர்ச்சீட்டை உரித்து, அலமாரியில் வைப்பேன்.